வன்னியில் ஒரு பொயின்டர்: ஓட விடுமுன் நிற்கப் பழக்குங்கள்

பொயின்டர் என்ற வேட்டை நாய் இனத்தைச் சேர்ந்த என் செம்பிக்கு அப்போது ஐந்து மாதம். அறுவடை முடிந்த வயலில், வரம்போரமாக மூக்கைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு நடந்தவள் திடீரென்று சிலை மாதிரி நின்றாள். முன்னங்கால் ஒன்று மடிந்து மேலே. வால் பின்னால் நேராக. பார்வை ஒரு புல்லுப் பற்றையில். நான் கிட்டப் போனதும் அதற்குள்ளிருந்து காடை ஒன்று விர்ரென்று எழுந்து பறந்தது. அடுத்த கணமே செம்பியும் போய்விட்டாள். காடைக்குப் பின்னால் இரண்டு வயல் தாண்டி ஓடினாள். நான் கத்தியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

அந்த அரை நிமிடத்துக்குள் இந்த நாயின் முழுக் கதையும் இருக்கிறது. மணம் பிடித்ததும் நிற்பது அதன் இரத்தத்திலேயே உண்டு. நின்றபடி நிற்பதை நாம்தான் பழக்க வேண்டும். வேறு ஊரில் இரண்டு வயல் தாண்டி ஓடிய நாய் களைத்துத் திரும்பி வரும். வன்னியில் வயல் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. அந்தக் காட்டோரத்தில் என்னவெல்லாம் இருக்கும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த இனத்தை முதன்முறை வளர்க்கப் போகிறவர்களுக்கு, குட்டி வாங்குவதிலிருந்து வயலுக்குக் கூட்டிப் போவது வரை, நான் செய்ததையும் பிழையாகச் செய்து திருத்தியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

எந்த நாயைப் பற்றிப் பேசுகிறோம்

ஜேர்மன் ஷோர்ட்ஹெயர் பொயின்டர் என்பது முழுப் பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் வேட்டைக்காரர்கள், ஸ்பானியப் பொயின்டர் வழிவந்த கனத்த பழைய நாய்களோடு வேகமான இங்கிலாந்துப் பொயின்டரைக் கலந்து உருவாக்கிய இனம். அந்த நூற்றாண்டிலேயே இதற்கென வம்சப் பதிவேடும் தொடங்கியது. பறவையைக் கண்டுபிடிக்க ஒரு நாய், தண்ணீரில் விழுந்ததை எடுத்து வர ஒரு நாய், காயம்பட்ட மானின் தடம் பிடிக்க ஒரு நாய் என்று மூன்று நாய் வளர்க்க எல்லோராலும் முடியவில்லை. மூன்றையும் ஒரே நாய் செய்ய வேண்டும், பொழுதுபட்டால் வீட்டுக்குள் பிள்ளைகளோடு படுக்கவும் வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள்.

நடுத்தர உயரம். கடுவன் 62 முதல் 66 சென்ரிமீற்றர், பெட்டை 58 முதல் 63. எடை 20 கிலோவிலிருந்து 32 கிலோ வரை. ஈரல் போன்ற கபில நிறம், அல்லது கபிலமும் வெள்ளையும் கலந்த புள்ளி; கறுப்பும் உண்டு. மயிர் கட்டை. விரல்களுக்கு இடையில் சவ்வு இருப்பதால் நன்றாக நீந்தும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 14 வருடம் உங்களோடு இருக்கும்.

நம்முடைய நாட்டு நாயோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். வன்னியில் பன்றிக்குப் போகிற நாட்டு நாய் துரத்தும், வளைக்கும், குரைத்து இடம் காட்டும். முடிவை அதுவே எடுக்கும். பொயின்டர் கண்டுபிடித்துவிட்டு நின்று, மனிதர் வரும்வரை காத்திருக்கும். வெயிலுக்கும் உண்ணிக்கும் பட்டினிக்கும் நாட்டு நாய் நின்று பிடிப்பது போல இது பிடிக்காது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு என்று நான் பின்னால் சொல்லப் போவதில் பாதி அதனால் வருவதுதான்.

வாங்குமுன்

வேட்டைக்குப் போகலாம் என்று நினைத்து இந்த நாயை வாங்க வேண்டாம். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. மான், மரை, மயில் எதை அடித்தாலும் குற்றம். மடு வீதிக் காடும் சுண்டிக்குளமும் 2015இலிருந்து தேசியப் பூங்காக்கள். அவற்றுக்குள் நாயோடு போகவே கூடாது. வேட்டை இல்லாமலேயே இந்த நாய்க்கு மனம் நிறைய வேலை கொடுக்கலாம். செம்பி ஆறு வருடமாக அப்படித்தான் வாழ்கிறாள்.

உங்களிடம் இருக்க வேண்டியது நேரம். வளர்ந்த பொயின்டருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் உடலும் மூக்கும் வேலை செய்ய வேண்டும். காலையில் ஒரு மணி, பின்னேரம் ஒரு மணி, மழை என்றாலும் கலியாண வீடு என்றாலும். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டி வைக்கிற வீட்டுக்கு இது ஒத்துவராது. கிடங்கு தோண்டும், கதவைக் கடிக்கும், ஓயாமல் ஊளையிடும், கடைசியில் ‘விசர் பிடித்த நாய்’ என்று பெயர் வாங்கும். பிழை நாயுடையது அல்ல. காவலுக்கும் இது பெரிதாக உதவாது. ஆள் வந்தால் குரைக்கும், பிறகு வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நிற்கும்.

கோழி வளர்க்கிறீர்களா? இது பறவைக்கென்று பிறந்த நாய். முதல் நாளிலிருந்து பழக்கினாலும் கோழிக்கூட்டுக்கு நல்ல கம்பிவலை வேண்டும். வளவுக்கும் அப்படியே. கிடுகு வேலிக்குள்ளால் குட்டி புகுந்து போகும், வளர்ந்தபின் நான்கடி வேலியை நின்ற இடத்திலிருந்தே பாயும். ஆறடி உயரத்தில் கம்பிவலை அடித்து, அடியில் ஓர் அடி மண்ணுக்குள் புதைத்துவிட்டால் நிம்மதி.

குட்டி வாங்கும்போது தாயைக் கட்டாயம் பாருங்கள். தாய் மனிதரைக் கண்டு பதுங்கினால் அந்தக் குட்டி வேண்டாம். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் குறைபாடு வரக்கூடும் என்பதால் தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்வை மங்கும் பரம்பரை நோயும் சில வம்சங்களில் உண்டு. குட்டியை நல்ல வெயிலில் விட்டு அது தடுமாறாமல் நடக்கிறதா என்று பாருங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரித்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

பெரும்பாலும் குட்டி கொழும்புப் பக்கமிருந்துதான் வரும். கிளிநொச்சிக்கு ஏறக்குறைய 330 கிலோமீற்றர். இரவில் பயணம் செய்யுங்கள். புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன் சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் கொடுங்கள். தாயின் மணம் பட்ட துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, குட்டி படுக்கிற பெட்டிக்குள் போடுங்கள். வழியில் கட்டாக்காலி நாய்கள் திரிகிற இடத்தில் இறக்கி விடாதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் மண்ணிலிருந்தே தொற்றும்.

முதல் இரண்டு மாதம்

வந்த வாரமே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் இவற்றுக்கான கலப்பு ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். எலிக்காய்ச்சல் ஊசியை விட்டுவிடாதீர்கள். நம் நாய் வயல் தண்ணீரில் இறங்காமல் இருக்கப் போவதில்லை. விசர்நாய்த் தடுப்பூசியை வைத்தியர் சொல்கிற வயதில் போட்டு, வருடா வருடம் திரும்பப் போடுங்கள். பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிரதேச சபையில் நாயைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த இரண்டு மாதத்தில் குட்டிக்கு ஊரைக் காட்டுங்கள். ஊசி முடியும்வரை தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் போதும். லாண்ட்மாஸ்டர் சத்தம், மாட்டுப் பட்டி, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கோயில் மேளம், தொப்பி போட்டவர், குடை பிடித்தவர் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்க்கட்டும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துவக்குச் சத்தத்துக்குப் பழக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டுச் சிலர் குட்டிக்குப் பக்கத்தில் சீனவெடி கொளுத்துகிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். குட்டிக்கு அது வாழ்நாள் பயமாகிவிடும். அதைவிட முக்கியம், பக்கத்து வீட்டில் இருக்கிறவர்கள் 2009ஐக் கடந்து வந்தவர்கள். திடீர் வெடிச்சத்தம் அவர்களுக்கு வெறும் சத்தம் அல்ல. எல்லைக் கிராமங்களில் இரவில் யானையை விரட்ட வெடி போடத்தான் செய்வார்கள்; அதற்கு நாயைப் பழக்க, சாப்பாட்டு நேரத்தில் அடுத்த அறையில் சட்டி மூடியை மெதுவாகத் தட்டத் தொடங்கி, வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டினால் போதும். சத்தம் என்றால் சாப்பாடு என்று குட்டி எடுத்துக்கொள்ளும்.

நில்

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். ‘வா’ என்பதை எல்லோரும் முதலில் பழக்குவார்கள். அது வேண்டும். ஆனால் முழு ஓட்டத்தில் ஒரு பறவையின் பின்னால் போகிற பொயின்டர், திரும்பி வருவதைவிட நின்றுவிடுவது அதற்கு இலகு. நிற்பது அதன் இயல்போடு சேர்ந்தது, திரும்புவது இயல்புக்கு எதிரானது. எனவே ‘நில்’ முதல், ‘வா’ அதன்பின்.

ஒரு விசில் வாங்குங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி ஊத வேண்டும்: நீளமாக ஒருமுறை என்றால் நில், கட்டையாக மூன்று என்றால் வா. வாயால் கூப்பிடுவதைவிட விசில் நல்லது என்பதற்குக் காரணம் உண்டு. சோளகம் வீசுகிற மாதங்களில் நூறு மீற்றருக்கு அப்பால் மனிதக் குரல் காற்றோடு போய்விடும். இன்னொன்று, பயமும் கோபமும் குரலில் ஏறும், விசிலில் ஏறாது. கோபக் குரல் கேட்ட நாய் கிட்ட வரத் தயங்கும்.

சாப்பாட்டுக் கோப்பையில் தொடங்குங்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ‘நில்’ என்று சொல்லி விசிலை ஊதுங்கள். குட்டி நின்ற கணத்தில், இரண்டு செக்கனுக்குள், ‘சரி’ என்று சொல்லிக் கோப்பையை வையுங்கள். ஒரு வாரத்தில் இரண்டு செக்கன் பத்தாகும், மூன்று வாரத்தில் அரை நிமிடமாகும். அவசரப்படாதீர்கள். குட்டி அசைந்தால் ஏசாமல் கோப்பையை மேலே தூக்குங்கள். அவ்வளவுதான் தண்டனை.

அப்புறம் வளவுக்குள் நடந்துகொண்டே செய்யுங்கள். நீங்களும் குட்டியும் நடக்கும்போது விசிலை ஊதி நீங்களும் நில்லுங்கள். அது நிற்கப் பழகியதும், நீங்கள் நிற்காமல் தொடர்ந்து நடந்து போங்கள். அது நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும். திரும்பி வந்து நீங்களே அதன் பக்கத்தில் நின்று பாராட்டுங்கள். தூரத்திலிருந்து கூப்பிட்டுப் பாராட்டினால், நிற்பது என்பது ஓடிவருவதற்கு முந்திய வேலை என்று அது நினைத்துக்கொள்ளும்.

நான்கு மாதத்தில் மாட்டுக்குக் கட்டுகிற நைலோன் கயிறு பத்து மீற்றர் எடுத்து, கழுத்தில் அல்லாமல் நெஞ்சுப் பட்டியில் கட்டுங்கள். முனையில் முடிச்சுப் போடாதீர்கள், பற்றையில் சிக்கும். கயிறு தரையில் இழுபட நாய் முன்னால் போகட்டும். விசில் ஊதி, நிற்கவில்லை என்றால் கயிற்றின் மேல் காலை வையுங்கள். கையால் வெட்டி இழுக்க வேண்டாம். பொயின்டர் மென்மையான மனம் உள்ளது. ஒருமுறை அடித்தால் ஒரு வாரம் வேலை செய்யாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். என் உள்ளங்கைத் தோல் ஒருமுறை உரிந்தது.

கயிற்றில் வளவுக்குள் சரியாக நின்றால், வயல் வரம்பு. வரம்பில் சரியென்றால், மாடுகள் மேய்கிற இடம். பிறகு கொக்கு இறங்குகிற இடம். கூண்டில் ஒரு கோழியை வைத்து, இருபது மீற்றருக்கு அப்பால் நின்று பழக்குவதும் உண்டு. கோழி பயப்படாத தூரத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு புது இடத்திலும் முதலிலிருந்து தொடங்குவது போலத்தான் இருக்கும். வளவில் நிற்கிற நாய் குளக்கட்டில் நிற்காது. அது பிடிவாதம் அல்ல, நாய்க்கு இடம் மாறினால் பாடமும் மாறும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: மூன்று வெவ்வேறு இடங்களில், பத்துத் தரம் ஊதினால் பத்துத் தரமும் நிற்க வேண்டும். அதுவரை கயிற்றைக் கழற்றுவதில்லை. செம்பிக்கு அது பதின்மூன்று மாதத்தில்தான் வந்தது. ஆறு மாதத்தில் அழகாக நின்றவள் ஒன்பதாம் மாதத்தில் எல்லாவற்றையும் மறந்தவள் போல நடந்தாள். அந்த வயதில் எல்லாப் பொயின்டரும் அப்படித்தான். திரும்பவும் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தொடங்கினேன்.

இவ்வளவு ஏன்

மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் போர் முடிந்த பிறகு வருடக் கணக்கில் நடந்து வருகிறது. முகமாலைப் பக்கம் எவ்வளவு காலம் எடுத்தது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்ட இடத்துக்குள் நாயைத் தேடி நீங்களும் போகக் கூடாது, எவ்வளவு பாசம் இருந்தாலும். வெளியே நின்று விசில் ஊதுங்கள். பலகை இல்லாத இடத்திலும், ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள். வெள்ளம் வந்து வடிந்த பிறகு, சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள். எதையாவது வாயில் கவ்விக்கொண்டு வருவதுதான் இந்த நாயின் தொழில் என்பதை ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அடுத்தது பன்றிக்கு வைப்பவை. பாதைக்குக் குறுக்கே நூல் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கு, இறைச்சிக்கும் பழத்துக்கும் உள்ளே வெடிமருந்து வைக்கிற ஹக்கபட்டாஸ், தோட்டத்தைச் சுற்றி இழுத்துவிடுகிற மின்கம்பி, சுருக்குப் போட்டு வைக்கிற கம்பித் தடம். இவை சட்டவிரோதமானவை, ஆனாலும் இருக்கின்றன. கீழே கிடப்பதை எடுத்துத் தின்னாமல் ‘விடு’ என்றால் விடப் பழக்குவது, ஹக்கபட்டாஸ் உள்ள ஊரில் உயிர்காக்கும் பழக்கம்.

செம்பியின் கழுத்தில் ஆட்டு மணி ஒன்று கட்டியிருக்கிறேன். மணி கட்டுவது பொயின்டர் வளர்ப்பவர்களிடம் பழைய வழக்கம்: மணி நின்றால் நாய் மணம் பிடித்து நிற்கிறது என்று பொருள். அவளுக்குப் பதினான்கு மாதமாக இருந்தபோது ஒரு பின்னேரம் குளக்கட்டுக்குக் கீழே மணி நின்றது. காடை என்று நினைத்து ஆறுதலாக நடந்து போனேன். போய்ப் பார்த்தால் கழுத்தில் கம்பித் தடம். மரத்தடியில் கட்டிய சைக்கிள் பிரேக் கம்பி. பன்றியோ நாட்டு நாயோ என்றால் இழுத்து இழுத்துத் தன்னையே நெரித்திருக்கும். அவள் கம்பி இறுகியதும் நின்றுவிட்டாள். நான் நீள விசில் ஒன்று ஊதினேன், அசையாமல் அப்படியே நின்றாள். என்னிடம் குறடு இல்லை. விரலால் சுருக்கைத் தளர்த்தி எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் அவள் கால் மாற்றி வைக்கவில்லை.

துவக்கு இல்லாத வேலை

வேட்டை இல்லாவிட்டாலும் தேடுவதும் எடுத்து வருவதும் வேண்டும். வெறுமனே ஓடவிட்டால் உடல் களைக்கும், மனம் களைக்காது. அரை மணி நேரம் மூக்கால் தேடிய நாய் ஒன்றரை மணி நேரம் ஓடிய நாயைவிட நன்றாகத் தூங்கும்.

சாக்குத் துணிக்குள் தென்னந்தும்பை அடைத்து, முழ நீளத்தில் தைத்து எடுங்கள். அரைக் கிலோ எடை போதும். முதலில் கண்ணுக்கு முன்னால் எறிந்து ‘எடுத்து வா’. பிறகு அதை நிற்கவைத்துவிட்டு எறிந்து, சொன்ன பிறகு மட்டும் போகவிடுங்கள். பிறகு அது பார்க்காதபோது வைக்கோல் போருக்குப் பின்னால், வரம்பின் மறுபக்கம், மர வேருக்குள் ஒளித்துவையுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நாய் எப்படிக் கண்டுபிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக வேலை செய்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சந்தோஷம். வாயிலிருந்து பிடுங்கி இழுபறி விளையாடாதீர்கள். இந்த நாய்க்குக் கவ்வுகிற வாய் மென்மையாக இருக்க வேண்டும், முட்டையை உடைக்காமல் கொண்டுவருகிற மாதிரி.

தடம் பிடிக்கவும் பழக்கலாம். மீன் கழுவிய தண்ணீரில் நனைத்த துணியைக் கயிற்றில் கட்டி ஐம்பது மீற்றர் இழுத்துப் போய், முடிவில் அதன் சாப்பாட்டை வையுங்கள். வாரம் ஒருமுறை தூரத்தையும் வளைவையும் கூட்டுங்கள். செம்பி எங்கள் தொலைந்த கன்றுக்குட்டியை ஒருமுறை இப்படித் தேடிப் பிடித்திருக்கிறாள். அன்று வீட்டில் எல்லோரும் அவளுக்கு ஒவ்வொரு பிடி சோறு வைத்தார்கள்.

தண்ணீர் இந்த நாய்க்கு உயிர். ஆனால் வன்னிக் குளங்களில் முதலை உண்டு. சின்னக் குளம், ஆழம் குறைந்தது என்று நம்ப வேண்டாம். வரட்சியில் தண்ணீர் வற்ற வற்ற முதலைகள் மிஞ்சிய குழிகளில் சேரும். வாய்க்காலில், அடி தெரிகிற தண்ணீரில், ஆட்கள் குளிக்கிற துறையில் மட்டும் நீந்த விடுங்கள். விடியப்புறமும் பொழுதுபட்ட பின்னும் கூடவே கூடாது. குளித்து முடிந்ததும் தொங்கும் காதுகளைத் தூக்கி உள்ளே துடைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் சீழ் வைக்கும்.

வெயில்

சித்திரையிலிருந்து புரட்டாதி வரை காலை ஆறரைக்கு முன் ஒரு நடை, பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு ஒரு நடை. நடுவில் நிழலில் படுக்க வேண்டும். கிரவல் பாதையில் புறங்கையை ஏழு செக்கன் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. இந்த நாய் களைத்ததென்று சொல்லாது. விழும்வரை ஓடும். எனவே நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

மூச்சு இரைப்பு நிற்காமல், நாக்கு கடும் சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் வெப்பம் தாக்கிவிட்டது. நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிராபத்து. நிழலுக்குத் தூக்கிப் போய், கிணற்றுத் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளே அடைபடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்து, உடனே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

சாப்பாடு

குட்டிக்கு வெறும் சோறும் இறைச்சியும் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கால் எலும்பு வளையும். ஒரு வயது வரையாவது குட்டிகளுக்கான உலர் தீனியை அடிப்படையாக வையுங்கள். அதன்பின் வீட்டுச் சாப்பாடு கலக்கலாம்: சோறு, முள் எடுத்த சூடை மீன், கோழி ஈரல் கொஞ்சம், முட்டை, பூசணி. 25 கிலோ எடையுள்ள, நாள்தோறும் ஓடுகிற நாய்க்கு ஏறக்குறைய 1,500 கிலோகலோரி தேவைப்படும். கணக்குப் பார்ப்பது கடினம் என்றால் விலா எலும்பைத் தடவிப் பாருங்கள்: கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்கு எல்லாம் தெரியக் கூடாது.

வெங்காயம் போட்ட கறி, சொக்லேட், முந்திரிகை வற்றல், அவித்த கோழி எலும்பு இவை வேண்டாம். நமக்குக் காய்ச்சலுக்குப் போடுகிற குளிசைகளையும் கொடுக்காதீர்கள். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஆழமான நெஞ்சுள்ள நாய் என்பதால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிறு முறுக்கி ஊதிவிடும் ஆபத்து உண்டு. நடைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். வயிறு ஊதி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

உண்ணி, பாம்பு, முள்

வன்னியில் நாயைக் கொல்வதில் உண்ணிக்குப் பெரிய இடம் உண்டு. உண்ணி கடித்து இரத்தத்தில் வரும் நோய்களில் முதலில் தெரிவது சோர்வு. ஓடுகிற நாய் ஒருநாள் எழும்பாமல் படுத்திருக்கும், சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பும். உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். வெளிறி இருந்தாலோ, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றே இரத்தப் பரிசோதனை வேண்டும். நாள் பிந்தினால் காப்பாற்றுவது கடினம். மாதாமாதம் வைத்தியர் சொல்கிற உண்ணி மருந்தைக் கொடுங்கள். மாட்டுக்கு அடிக்கிற மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் பூசாதீர்கள். பெட்டையாக இருந்தால் முதல் சூட்டுக்குப் பிறகு கருத்தடை பற்றியும் அவரிடமே பேசுங்கள்.

வயலில் மருந்து அடித்த நாளும் அடுத்த சில நாளும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வரம்புத் தண்ணீரை நாய் நக்கும்.

புடையன், நாகம், சுருட்டை மூன்றும் நம் பாதையில் உண்டு. பொயின்டர் மூக்கைப் பற்றைக்குள் நுழைப்பதால் கடி பெரும்பாலும் முகத்தில்தான் விழும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை வைத்துக்கொண்டு நேரம் கடத்தாதீர்கள். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து எந்த மிருக வைத்தியரிடம் இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள். எல்லா இடத்திலும் இருக்காது.

கட்டாக்காலி நாய் உங்கள் நாயைக் கடித்தால், ஊசி போட்டிருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். உங்களைக் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

முதல் முறை கயிறில்லாமல்

கயிற்றைக் கழற்றப் போகிற நாளுக்கு முதல் நாளே அந்தப் பக்கத்துக் கமக்காரரிடம் போய்ப் பேசுங்கள். “அண்ணை, உந்தக் காணிப் பக்கம் தடம், கம்பி ஏதும் கிடக்கோ? நாயை விடப் போறன்” என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். போகம் மாற மாறத் தடமும் இடம் மாறும் என்பதால் ஒவ்வொரு போகத்துக்கும் ஒருமுறை திரும்பக் கேளுங்கள். ஆடு மாடு கட்டுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

என்னிடம் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. விசில் இரண்டு, ஒன்று தொலைந்தால் மற்றது. பத்து மீற்றர்க் கயிறு. ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல், குடிக்க ஒரு கிண்ணம். நெருஞ்சி முள்ளும் உண்ணியும் எடுக்கச் சின்ன இடுக்கி. சுத்தமான துணிக் கட்டு. கம்பி வெட்டுகிற குறடு. நாய்க்குத் தோடம்பழ நிறத்தில் ஒரு கழுத்துப் பட்டி, ஆட்டு மணி.

வீட்டுக்குத் திரும்பியதும் விறாந்தையில் நிற்கவைத்து ஒரே வரிசையில் கையால் தடவுங்கள்: காதின் உட்புறம், கழுத்துப் பட்டிக்குக் கீழ், கக்கம், விரல் இடுக்கு, வாலடி. உண்ணி ஒளிகிற இடங்கள் இவைதான். செம்பிக்கு இப்போது சொல்லவே தேவையில்லை. படலை திறந்ததும் தானாகப் போய் விறாந்தையில் நின்று முன்னங்காலைத் தூக்கித் தருவாள்.